முதல் ரேடியோ தொலைநோக்கி: விட்டத்தைத் தாண்டியும் கேட்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு நாடு தனது முதல் ரேடியோ தொலைநோக்கியைக் கட்டப்போகிறது என்ற அறிவிப்பு வந்தால், செய்தியின் முதல் வரியில் இடம்பிடிப்பது, வானிலிருந்து வரும் ரேடியோ அலைகளைச் சேகரிக்கும் கிண்ணத்தின் விட்டம். 20 மீட்டரா, 32 மீட்டரா, பக்கத்து நாட்டில் உள்ளதைவிடப் பெரிதா என்பதோடு செய்தி முடிந்துவிடுகிறது. அந்தக் கிண்ணம் எங்கே நிற்கப்போகிறது, சுற்றிலும் எத்தனை செல்பேசிக் கோபுரங்கள், முதல் பெருக்கி எரிந்துபோனால் யார் மாற்றுவார், ஐந்தாம் ஆண்டில் மின்கட்டணத்தை யார் கட்டுவார் என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கருவி ஆய்வுக்கும் கல்விக்கும் பயன்படுமா, திறப்பு விழாவுக்குப் பிறகு துருப்பிடிக்குமா என்பது இந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது. இத்துறையில் வேலை செய்கிறவர்கள் என்ற முறையில் எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முதல் கருவி சிறியதாக, உள்ளூர்ப் பட்டறையிலேயே பழுதுபார்க்கக்கூடியதாக, ஹைட்ரஜனின் 21 செ.மீ. கோட்டை, அதாவது விண்வெளி ஹைட்ரஜன் வாயு 21 செ.மீ. அலைநீளத்தில் வெளியிடும் ரேடியோ சமிக்ஞையை, கேட்பதாக இருக்க வேண்டும். 3 மீட்டர் கிண்ணம் போதும். பெரியது பிறகு வரட்டும்.

சிறியது என்றால் விளையாட்டுப் பொருள் என்று அர்த்தமில்லை. அமெரிக்காவின் வீட்டன் நகரில் குரோட் ரீபர் 1937-இல் தன் வீட்டுப் பின்புறத்தில் சொந்தச் செலவில் எழுப்பிய கிண்ணம் ஏறத்தாழ 9.5 மீட்டர், வானத்தின் முதல் ரேடியோ வரைபடங்கள் அதிலிருந்துதான் வந்தன. ஹைட்ரஜன் கோடு இருக்க வேண்டும் என்று 1944-இல் கணித்தவர் டச்சு வானியலாளர் வான் டெ ஹுல்ஸ்ட். அதை 1951 மார்ச்சில் ஹார்வர்டில் யூவெனும் பர்செலும் பிடித்தார்கள். அவர்களிடம் இருந்தது ஆய்வக ஜன்னலுக்கு வெளியே நீட்டிய, மரப்பலகையில் செம்பு பொதிந்த ஒரு ஹார்ன் (கொம்பு வடிவ ஆன்டெனா) மட்டுமே. இந்தியாவின் கதையும் இப்படித்தான் தொடங்குகிறது. ஆஸ்திரேலியா கொடுத்த, தலா 1.8 மீட்டர் அளவுள்ள 32 சிறு கிண்ணங்களைக் கொண்டு ரேடியோ வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் 1965-இல் மும்பைக்கு அருகே கல்யாணில் சூரியனைக் கவனிக்கும் ஓர் அணிவரிசையை அமைத்தார்கள். அதில் கை பழகியவர்கள்தான் அடுத்து உதகமண்டலத்தில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட உருளைத் தொலைநோக்கியை 1970-இல் இயங்கச் செய்தார்கள். மலைச்சரிவின் சாய்வு அந்த இடத்தின் அட்சரேகைக்குச் சமமாக, சுமார் 11 டிகிரி இருக்கும்படி இடம் தேடியதால், கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. ஒரே திசையில் சுழற்றினாலே ஒரு வான்பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். இப்படி ஒரு யோசனை விலைக்கு வாங்கிய கருவியோடு வருவதில்லை. சிறு கருவிகளோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டியவர்களுக்குத்தான் தோன்றும். புனே அருகே 45 மீட்டர் கிண்ணங்கள் முப்பது நிற்கும் அணி அதற்குப் பின்னால் வந்தது.

3 மீட்டர் போதும் என்பதற்கு இயற்பியல் காரணமே இருக்கிறது. பால்வீதியின் ஹைட்ரஜன் வாயு வானம் முழுக்கப் பரந்து கிடக்கிறது. 21 செ.மீ. அலையில் 3 மீட்டர் கிண்ணம் பார்க்கும் வானத்துண்டு சுமார் 5 டிகிரி அகலம், அதாவது பத்து முழுநிலவுகளை வரிசையாக வைத்த அகலம். அந்தத் துண்டு முழுவதையும் வாயு நிரப்பியிருக்கும்போது கிண்ணத்தைப் பெரிதாக்கினால் வாங்கும் பரப்பு கூடும், பார்க்கும் துண்டு அதே விகிதத்தில் சுருங்கும். கைக்கு வரும் சமிக்ஞையின் வெப்பநிலை மாறாது (இத்துறையில் சமிக்ஞையின் பலத்தையும் இரைச்சலையும் கெல்வின் என்ற வெப்பநிலை அலகில்தான் சொல்வோம்). பெரிய கிண்ணம் தருவது கூர்மையே தவிர, கூடுதல் பலம் அல்ல. ஆகவே பால்வீதியின் சுழற்சியை அளக்க வேண்டிய ஒரு பல்கலைக்கழகத்துக்கு 30 மீட்டர் தேவையே இல்லை.

கணக்கைப் பார்ப்போம். கருவியின் மொத்த இரைச்சல் 150 கெல்வின், நிறமாலையைப் பிரிக்கும் ஒரு கட்டத்தின் (அதிர்வெண் துண்டின்) அகலம் 10 கிலோஹெர்ட்ஸ், கேட்கும் நேரம் 100 விநாடி என்றால், அகலத்தையும் நேரத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 1000 வரும். 150-ஐ அதனால் வகுத்தால் 0.15 கெல்வின், இதுதான் எஞ்சும் தடுமாற்றம். பால்வீதித் தளத்தில் ஹைட்ரஜன் தருவதோ பல பத்து கெல்வின். இரண்டு நிமிடத்துக்குள் கோடு கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்துவிடும். தெரியாவிட்டால் குறை வானத்தில் இல்லை, வாங்கியில் இருக்கிறது.

கிண்ணத்துக்கு, செயற்கைக்கோள் தொலைக்காட்சிக்குப் பயன்பட்டு ஒதுக்கப்பட்ட பழைய சி-பேண்ட் வலைக் கிண்ணம் எடுத்தாலும் சரி, புதிதாகக் கட்டினாலும் சரி. வலையின் கண் 1 செ.மீ.க்குள் இருந்தால் நல்லது, 2 செ.மீ.யைத் தாண்டினால் தரையின் வெப்பம் பின்புறமிருந்து கசியத் தொடங்கும். பரவளைய வடிவத்திலிருந்து சராசரி விலகல் 1 செ.மீ. ஆனால் வரும் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும், 5 மி.மீ.க்குள் வைத்தால் இழப்பு பத்தில் ஒரு பங்குதான். இதைச் சரிபார்க்க, பிளைவுட்டில் பரவளைய அச்சு ஒன்றை வெட்டி, நடு அச்சில் மாட்டிச் சுற்றிக் காட்டினால் போதும். எங்கே வலை புடைத்திருக்கிறது, எங்கே தொய்ந்திருக்கிறது என்று விரலே சொல்லும். கிண்ணத்தைக் கிடத்தி வைத்து அளந்துவிட்டு நிறுத்தி வைக்கும்போது தன் எடையால் அது வளைவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அளவை நிறுத்திய நிலையிலும் எடுக்க வேண்டும்.

குவியத் தூரம் கண்டுபிடிப்பது எளிது: விட்டத்தின் வர்க்கத்தைக் கிண்ணத்து ஆழத்தின் 16 மடங்கால் வகுக்க வேண்டும். 3 மீட்டர் கிண்ணத்தின் ஆழம் 47 செ.மீ. என்றால் குவியம் 1.2 மீட்டரில். அங்கே வைக்கும் ஃபீட் (கிண்ணம் குவிக்கும் அலையை வாங்கும் உறுப்பு), 15 செ.மீ. உள்விட்டமுள்ள ஒரு உலோகக் குழாய், ஒரு முனை மூடியது. இந்த அளவு தற்செயலானதல்ல. 15 செ.மீ. குழாயில் 1172 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள அலை நுழையவே முடியாது. 1531-க்கு மேல் போனால் வேண்டாத இன்னொரு அலைமுறையும் சேர்ந்துகொள்ளும். நமக்கு வேண்டிய 1420.4, அதாவது 21 செ.மீ. கோட்டின் அதிர்வெண், இரண்டுக்கும் நடுவில் பாதுகாப்பாக அமர்கிறது. மூடிய முனையிலிருந்து உள்ளே 9.3 செ.மீ. தள்ளி, 5 செ.மீ.க்குச் சற்று அதிக நீளமான செப்புக் கம்பி ஒன்றை என்-வகை கனெக்டரில் பற்றவைத்துக் குழாய்க்குள் நீட்ட வேண்டும். கம்பியைக் கொஞ்சம் நீளமாகவே விட்டு, அளவுக்கருவியில் பார்த்தபடி ஒவ்வொரு மில்லிமீட்டராக நறுக்கிச் சரிசெய்வதே முறை. குழாய்க்குள் அலைநீளம் 37 செ.மீ. என்பதை மறந்து, வெளியில் உள்ள 21 செ.மீ.யின் கால் பங்கை எடுத்து 5.3 செ.மீ. தூரத்தில் கம்பியை வைத்துவிடுவது மாணவர்களிடம் அடிக்கடி காணும் தவறு. ஃபீட்டின் வாய் குவியத்தை ஒட்டியே இருக்கும். சரியான இடத்தைக் காண, கிண்ணத்தைச் சூரியனை நோக்கி வைத்துக்கொண்டு, ஃபீட்டை ஒரு செ.மீ. முன்னும் பின்னும் நகர்த்தி, அளவு உச்சமாகும் இடத்தில் பூட்டிவிட வேண்டும். 3 மீட்டர் கிண்ணத்துக்குச் சூரியன் சில நூறு கெல்வின் தரும், ஐயமே இருக்காது.

பணத்தையும் கவனத்தையும் கொட்ட வேண்டிய இடம் அந்தச் செப்புக் கம்பியிலிருந்து முதல் பெருக்கி வரை உள்ள சில சென்டிமீட்டர்தான். நல்ல குறை-இரைச்சல் பெருக்கி ஒன்று 0.5 டெசிபல் இரைச்சல் அளவில் கிடைக்கிறது (டெசிபல் என்பது சமிக்ஞையின் கூடுதல் குறைவை விகிதமாகச் சொல்லும் அலகு). அது சேர்க்கும் இரைச்சல் சுமார் 35 கெல்வின். அதற்கு முன்னால் 1 டெசிபல் இழக்கும் சாதாரண கேபிளைப் போட்டால், அந்தக் கேபிள் மட்டும் 75 கெல்வின் சேர்க்கும்! பெருக்கியைக் கட்டடத்துக்குள் மேஜையில் வைத்துவிட்டு, கிண்ணத்திலிருந்து பத்து மீட்டர் கேபிள் இழுத்து வருகிற அமைப்புகள் ஹைட்ரஜனைக் கேட்கத் திணறுவது இதனால்தான். பெருக்கி ஃபீட்டின் கனெக்டரிலேயே நேராக அமர வேண்டும், இடையில் கேபிளே கூடாது. அதற்குப் பிறகு 20 டெசிபல் பெருக்கம் கிடைத்துவிட்டால், பின்னால் வருபவை சேர்க்கும் இரைச்சல் நூறில் ஒன்றாகிவிடும்; அங்கே மலிவான கேபிள் போதும்.

வடிகட்டியை எங்கே வைப்பது என்பது இன்னொரு முடிச்சு. பெருக்கிக்கு முன்னால் வைத்தால் அதன் இழப்பு நேரடியாக இரைச்சலாகிறது. பின்னால் வைத்தால் பக்கத்துச் செல்பேசிக் கோபுரத்தின் 900 அல்லது 1800 மெகாஹெர்ட்ஸ் சமிக்ஞை முதல் பெருக்கியையே திணறடிக்கும். திணறிய பெருக்கி, வானில் இல்லாத கோடுகளைத் தானே உற்பத்தி செய்யும். பொதுவாகப் பெருக்கி, வடிகட்டி, இரண்டாம் பெருக்கி என்ற வரிசையே நல்லது. கோபுரம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருந்தால், இழப்புக் குறைந்த குழிவு வடிகட்டியை முதலில் வைத்து அதன் விலையைக் கெல்வினில் கொடுத்துத்தான் ஆக வேண்டும். சந்தேகம் வந்தால் ஒரு சோதனை: வழியில் 3 டெசிபல் குறைப்பி ஒன்றைச் செருகுங்கள். உண்மையான சமிக்ஞை 3 டெசிபல்தான் குறையும். பெருக்கி தானே உருவாக்கியது அதைவிட வெகுவாகச் சரியும்.

அதன் பின்னால் மென்பொருள் ரேடியோ எனப்படும் சிறு யூஎஸ்பி வாங்கி. வாயு நம்மை நோக்கியோ விலகியோ நகரும் வேகத்துக்கு ஏற்பக் கோட்டின் அதிர்வெண் இடம்பெயரும் என்பதால், 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலம் தந்தாலே அது விநாடிக்கு 500 கிலோமீட்டர் வேக வீச்சு. பால்வீதி முழுவதும் அதற்குள் அடங்கும். 1024 கட்டங்களாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் விநாடிக்கு அரை கிலோமீட்டர். 8 பிட் வாங்கி கற்பிக்கப் போதும். இடையூறு மிகுந்த இடத்தில் 12 பிட் வேண்டும். அலையியற்றியின் துல்லியம் பத்து லட்சத்தில் ஒன்று என்றால் வேகப் பிழை விநாடிக்கு 0.3 கிலோமீட்டர், பொறுத்துக்கொள்ளலாம். இவ்வகை வாங்கிகள் பலவற்றில் நிறமாலையின் நட்டநடுவில் ஒரு போலி முள் நிற்கும். அதை ஹைட்ரஜன் என்று எண்ணி மகிழ்ந்துவிடாமல், மையத்தை அரை மெகாஹெர்ட்ஸ் தள்ளி வைத்துக் கேட்க வேண்டும். க்னு ரேடியோ போன்ற இலவச மென்பொருளும் பைத்தானும் தெரிந்த மாணவர் மற்றதைப் பார்த்துக்கொள்வார்.

அளவுத்திருத்தம் இல்லாத தொலைநோக்கி வெறும் காட்சிப்பொருள். ஃபீட்டின் வாயை அலை உறிஞ்சும் நுரையால் மூடினால் அது சுமார் 300 கெல்வின் காட்டும். பால்வீதியை விட்டு விலகிய வெற்று வானம் சுமார் 10 கெல்வின். இரண்டுக்கும் உள்ள விகிதத்திலிருந்து கருவியின் சொந்த இரைச்சல் வந்துவிடும். விகிதம் 3.6 என்றால் இரைச்சல் 100 கெல்வின், நல்ல கருவி. விகிதம் 2 என்றால் இரைச்சல் 280. கேபிளையும் கனெக்டரையும் தேடிப் போக வேண்டும். பிறகு, உலகெங்கும் ஒப்பிடப் பயன்படும் எஸ்-7, எஸ்-8 என்ற வான்பகுதிகளை நோக்கி (பால்வீதித் தளத்தை அடிப்படையாகக் கொண்ட விண்மீன்மண்டல ஆயத்தில் முன்னது 132, -1 டிகிரி; பின்னது 207, -15 டிகிரி) கிடைக்கும் கோட்டைப் பிறர் அளவுகளோடு ஒத்துப் பார்க்கலாம். வெயில் ஏறும்போது பெருக்கியின் பெருக்கம் மாறும் என்பதால் காலையில் எடுத்த திருத்தம் நண்பகலுக்குப் பொருந்தாது. அரை மணிக்கு ஒரு முறையாவது வெற்று வானத்தைப் பார்த்துத் திரும்ப வேண்டும். பூமி சூரியனைச் சுற்றும் வேகம் விநாடிக்கு 30 கிலோமீட்டர். அதைக் கழிக்காமல் மார்ச்சிலும் செப்டம்பரிலும் எடுத்த கோடுகளை ஒப்பிட்டால் வாயு இடம்பெயர்ந்ததாகத் தோன்றும்.

இனி இடம். எங்கள் பார்வையில் இதுவே எல்லாவற்றையும்விடப் பெரியது, இதில்தான் கவனக்குறைவும் அதிகம். 1400 முதல் 1427 மெகாஹெர்ட்ஸ் வரை எந்த ஒளிபரப்பும் கூடாது என்பது பன்னாட்டு விதி. விதி இருந்தும் அந்தப் பட்டை தூய்மையாக இருப்பதில்லை. 703 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும் கருவியின் இரட்டை 1406. 710-இன் இரட்டை 1420. அதாவது 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் இயங்கும் செல்பேசி ஒன்று, தன் பட்டைக்குள் சட்டப்படி நடந்துகொண்டே, பாதுகாக்கப்பட்ட பட்டையில் கசிய முடியும். எல்இடி விளக்கின் மின்சுற்று, சூரிய மின்தகட்டின் இன்வெர்ட்டர், கணினித் திரை, நெட்வொர்க் கேபிள் எல்லாமே அகன்ற பட்டையில் இரைச்சல் கக்குபவை. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் பல ஆண்டுகள் புதிராக இருந்த ஒருவகைத் துடிப்புகள், சமைத்து முடியும் முன்பே கதவைத் திறந்த மைக்ரோவேவ் அடுப்பிலிருந்து வந்தவை என்று 2015-இல்தான் தெரிந்தது. உலகின் முன்னணி நிலையத்திலேயே இப்படி என்றால், கல்லூரி விடுதியை ஒட்டிக் கிண்ணம் நடுகிறவர்கள் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்!

இடத்தைத் தேர்ந்த பிறகு அளப்பது அல்ல, அளந்த பிறகு தேர்வதே சரி. எல்லாத் திசையிலிருந்தும் வாங்கும் ஓர் ஆன்டெனா, ஒரு பெருக்கி, ஒரு நிறமாலை அளவி, ஒரு பேட்டரி, இவ்வளவுதான் வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் முழுதாக 24 மணி நேரம், வேலைநாளிலும் விடுமுறையிலும், சராசரியையும் உச்சத்தையும் தனித்தனியே பதிய வேண்டும். சராசரியை மட்டும் பதிந்தால் பத்து விநாடிக்கு ஒரு முறை வெடிக்கும் ரேடார் தெரியாமலே போகும். ஜெனரேட்டர் கொண்டுபோனால் அதன் இரைச்சலையே அளந்து திரும்புவீர்கள். தொலைவைவிட மலை நல்லது: சுற்றிலும் குன்றுகள் உள்ள பள்ளத்தாக்கு, சமவெளியில் பல மடங்கு தள்ளிப் போய் நிற்பதற்கு ஈடாகும். மலையுச்சி ஒளித் தொலைநோக்கிக்கு உகந்தது, ரேடியோவுக்கு அல்ல. உச்சியில் நின்றால் மூன்று மாவட்டக் கோபுரங்களும் நேராகத் தெரியும். இதைத் திட்டக்குழுவில் உள்ள நிர்வாகிகளுக்குப் புரியவைப்பது எளிதல்ல, ஆனாலும் விடாமல் சொல்ல வேண்டும். கல்விக்கான சிறு கருவி மாணவர்கள் வந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதும் உண்மை. ஆகவே அதை வளாகத்தின் ஓரத்தில் தாழ்ந்த இடத்தில், கட்டடம் ஒன்றைக் கோபுரத்துக்குக் குறுக்கே மறைப்பாக வைத்து நிறுத்தலாம். ஆய்வுக்கான பெரிய கருவியின் இடத்தை மட்டும் தனியே தேடிக் காக்கலாம்.

காற்றும் மின்னலும் தண்ணீரும் கணக்கில் வர வேண்டும். மணிக்கு 144 கிலோமீட்டர் காற்றில் 3 மீட்டர் முழுத்தகட்டுக் கிண்ணத்தின் மீது விழும் விசை ஏறத்தாழ ஒரு டன் எடைக்குச் சமம். 2 மீட்டர் நீள அகலமும் 1 மீட்டர் ஆழமும் கொண்ட கான்கிரீட் அடித்தளம் ஒன்பதரை டன் இருக்கும், அது தாங்கும். புயல் அறிவிப்பு வந்ததும் கிண்ணம் நேர்மேலே பார்த்தபடி தானே திரும்பிப் பூட்டிக்கொள்ளும் ஏற்பாடு வேண்டும், அதுவும் மின்சாரம் போன பிறகும் பேட்டரியில் இயங்குவதாக. கோணம் அளக்கும் என்கோடர், நிலையை நினைவில் வைத்திருக்கும் வகையாக இருக்கட்டும். எண்ணிக்கை மட்டும் கூட்டும் வகையில் ஒவ்வொரு மின்தடைக்குப் பிறகும் கிண்ணம் எங்கே பார்க்கிறது என்றே தெரியாது. 12 பிட் என்கோடர் 0.09 டிகிரி வரை சொல்லும், 5 டிகிரி கற்றைக்கு, அதாவது கிண்ணம் பார்க்கும் வானத்துண்டுக்கு, இது தாராளம். சுழலும்போது கேபிள் முறுக்கி அறாதபடி எல்லைச் சுவிட்சுகளை மென்பொருளில் மட்டும் வைக்காமல், மோட்டாருக்குப் போகும் மின்கம்பியிலேயே வைக்க வேண்டும்.

மின்னல், கிண்ணத்தில் நேராக விழாமல் அருகே விழுந்தாலே நீண்ட செப்புக் கேபிள் வழியாக வாங்கியையும் கணினியையும் எரித்துவிடும். அடித்தளத்தைச் சுற்றிச் செப்பு வளையம் புதைத்து நிலத்தோடு இணைப்பதும், கிண்ணத்துக்கும் கட்டடத்துக்கும் இடையே கண்ணாடியிழை போடுவதும் இதைத் தடுக்கும். கணினி இரைச்சல் கிண்ணத்துக்கு ஏறுவதையும் கண்ணாடியிழை நிறுத்திவிடும். தண்ணீர் சத்தமில்லாமல் கொல்வது. கனெக்டருக்குள் நுழைந்த ஈரம் ஒரே மழைக்காலத்தில் இழப்பைப் பல டெசிபலாக்கும். தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவை இழுத்துச் சுற்றி, கேபிள் நுழையும் இடத்தில் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் நீர் சொட்டிப் போகும். ஃபீட்டின் வாயை மெல்லிய தெர்மகோல் தகட்டால் மூடாவிட்டால் குளவி கூடு கட்டும். மண்கூடு சமிக்ஞையைத் தடுப்பதோடு கம்பியின் பொருத்தத்தையும் கெடுக்கும்.

இப்படி அமைந்த கருவி வகுப்பறைக்கு என்ன தரும்? மோட்டார் ஓடாவிட்டாலும் கிண்ணத்தை ஒரு கோணத்தில் நிறுத்திவிட்டால் பூமியே சுழன்று 24 மணி நேரத்தில் வானத்தின் ஒரு முழு வளையத்தைக் காட்டும். பால்வீதித் தளத்தில் மையத்திலிருந்து 0 முதல் 90 டிகிரி வரை ஐந்து ஐந்து டிகிரியாக நோக்கி, ஒவ்வொன்றிலும் அதிவேகமான வாயுவின் வேகத்தைப் படித்து, சூரியன் மையத்தைச் சுற்றும் வேகத்தில் (சுமார் 220 கி.மீ.) அந்தக் கோணத்தின் சைன் பங்கைக் கூட்டினால் பால்வீதியின் சுழற்சி வரைபடம் வந்துவிடும். வெளியே போகப் போக வேகம் குறைய வேண்டிய இடத்தில் குறையாமல் நிற்பதை மாணவர் தன் கையால் வரைந்து பார்க்கிறார். கண்ணுக்குத் தெரியாத பொருள் என்ற கருத்து அவருக்குப் பாடநூல் வரியாக இருக்காது. அடுத்த கட்டமாக, 20 மீட்டர் இடைவெளியில் இதேபோல் இன்னொரு கிண்ணம் வைத்து இரண்டுக்கும் ஒரே கடிகாரச் சமிக்ஞையைக் கொடுத்தால் 0.6 டிகிரி கூர்மை கிடைக்கும், பல கிண்ணங்களின் சமிக்ஞைகளை இணைத்துப் பார்க்கும் குறுக்கீட்டு முறையின் அடிப்படை கைவசமாகும். பெரிய அணிகளில் நடப்பதும் இதே வேலைதான்.

பெரிய கருவிக்கு நாங்கள் எதிரி அல்ல. கடலடிக் கண்ணாடியிழை வந்தபின் வேலை இழந்து நின்ற 30 மீட்டர் வகைத் தொலைத்தொடர்புக் கிண்ணங்களை மாற்றியமைப்பது நல்ல வழி. கானாவின் குன்ட்டுன்சேயில் 32 மீட்டர் கிண்ணம் தென்னாப்பிரிக்காவின் துணையோடு மாற்றப்பட்டு 2017-இல் திறக்கப்பட்டது. நியூசிலாந்தின் வார்க்வொர்த்தில் 30 மீட்டர் கிண்ணம் ஒரு பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்தது. ஆனால் இவை 4, 6 கிகாஹெர்ட்ஸுக்காகக் கட்டப்பட்டவை, விண்வெளி மெத்தனால் மூலக்கூறு தரும் 6.7 கிகாஹெர்ட்ஸ் கோட்டுக்குப் பொருந்தும், ஹைட்ரஜனுக்குத் தோதில்லை. வானில் ஏறத்தாழ அசையாத செயற்கைக்கோளையே பார்த்துப் பழகிய மோட்டாரும் பற்சக்கரமும் வானம் முழுதும் ஓட வேண்டிவரும். அவற்றையும் தண்டவாளத்தையும் பெரும்பாலும் புதிதாக்க வேண்டும். 6.7 கிகாஹெர்ட்ஸில் 32 மீட்டர் கிண்ணத்தின் கற்றை 0.1 டிகிரிதான். குறி அதில் பத்தில் ஒரு பங்குக்குள் நிற்க வேண்டும். கண்டங்களுக்கு இடையிலான கூட்டு நோக்கலில் சேர ஹைட்ரஜன் மேசர் எனப்படும் மிகத் துல்லியமான அணுக் கடிகாரமும் விநாடிக்கு ஒரு கிகாபிட் அளவில் இணைப்பும் வேண்டும். இவற்றை இயக்கக் கை பழகிய பத்துப் பேர் உள்நாட்டில் இல்லையென்றால், வெளிநாட்டுக் குழு விமானம் ஏறிய அன்றே கிண்ணம் நின்றுவிடும். அந்தப் பத்துப் பேரை 3 மீட்டர் கிண்ணங்கள்தான் உருவாக்கும்.

பெருங்கருவிகளுக்கு ஆண்டுச் செலவு கட்டுமானச் செலவில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வது இத்துறையின் வழக்கம். பத்தாண்டில் இன்னொரு தொலைநோக்கியின் விலை. புவேர்ட்டோ ரிக்கோவில் அரெசிபோவின் 305 மீட்டர் கிண்ணம் 1963 முதல் இயங்கி, கேபிள்கள் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்து, 2020 டிசம்பரில் இடிந்து விழுந்தது. கேபிளின் எஃகும், அதன் முனையைப் பிடித்திருக்கும் துத்தநாகமும் முதுமை அடைபவை. அவற்றை ஆண்டுதோறும் தட்டிப் பார்க்க ஆளும் பணமும் வேண்டும். திட்ட அறிக்கையில் அந்த வரி இல்லையென்றால் கையெழுத்திடக் கூடாது.

கடைசியாக ஒரு தாள் வேலை, பலர் விட்டுவிடுவது. நிலையத்தின் ஆயத்தொலைவுகளையும் கேட்கும் அதிர்வெண்களையும் நாட்டின் அலைக்கற்றை ஆணையத்திடம் ரேடியோ வானியல் நிலையமாகப் பதிந்து, அவர்கள் வழியாக பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்துக்கு அனுப்ப வேண்டும். தாங்கக்கூடிய இடையூறு எவ்வளவு என்பதற்கு ஒன்றியத்தின் ஆர்.ஏ.769 பரிந்துரையே அளவுகோல். பதிவு இல்லாத நிலையம், அடுத்த வயலில் கோபுரம் எழும்பினால் முறையிட வழியில்லாமல் நிற்கும். இந்த மனு அடித்தளம் தோண்டுவதற்கு முன்பே போக வேண்டும். அடுத்த முறை இப்படி ஓர் அறிவிப்பு வரும்போது, விட்டத்தோடு சேர்த்து மனு போனதா, 24 மணி நேர இரைச்சல் அளவீடு எங்கே, பராமரிப்புக்கு எந்தத் தலைப்பில் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதையும் தங்கள் செய்தியாளர்கள் கேட்டு வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
ரேடியோ வானியல் கருவிப் பணியில் உள்ள வாசகர்கள்